கிளீனர் பக்கக் கதவு

டிங்கர் லாரியின் கதவில் பழைய செய்தித்தாளை ஒட்டிக்கொண்டிருந்தார்.

கதவுக்கு ஒன்று, ஏறும் படிகள் இரண்டுக்கும் ஒவ்வொன்று. பசையைத் தடவி உள்ளங்கையால் நீவிவிட்டார்.

பிறகு லாரிக்காரரிடம் கையைக் காட்டினார். லாரி பட்டறைக்கு எதிரே தேங்கியிருந்த குட்டையில் இறங்கி, ஏறி, திரும்பி வந்து நின்றது.

இது மூன்றாவது தடவை. முதல் தடவை முன்சக்கரத்துக்குப் பின்னால் ரப்பர் கட்டித் தொங்கவிட்டார். சேறு தெறித்தது. அடுத்த தடவை அதையே ஒரு சாண் நீளமாக்கினார். அப்போதும் தெறித்தது. முப்பது வருடமாக நசுங்கிய லாரிகளை நிமிர்த்தியவருக்குத் துளியூண்டு சேறு தண்ணி காட்டிக்கொண்டிருந்தது.

இதில் வேடிக்கை என்னவென்றால், லாரிக்காரருக்கு ஒரு பக்கம் சுத்தமாக இருந்தால் போதும். அதுவும் கிளீனர் உட்காரும் இடது பக்கம். கிளீனரே இல்லாத லாரிக்கு!

"என் பக்கம் எப்படி வேணா நாறட்டும்ண்ணே. அந்தப் பக்கம் ஒரு பொட்டுச் சேறு இருந்தாலும் அவ ஏற மாட்டா."

அவள் என்றால் அவர் மனைவி. பட்டறையில் யாரும் பார்த்ததில்லை. பார்க்காமலே 'மகாராணி' என்று பெயர் வைத்துவிட்டார்கள். வைத்தவர் சாட்சாத் டிங்கர்தான்.

மகாராணியின் தங்கைக்குக் குழந்தை பிறந்து மூன்று மாதம் ஆகிறது. போய்ப் பார்க்க இரண்டு தடவை கிளம்பி, இரண்டு தடவையும் படியில் இருந்த சேற்றைப் பார்த்துவிட்டு வீட்டுக்குள் திரும்பிவிட்டாளாம். இன்றும் அப்படி ஆனால் இனிமேல் கூப்பிடவே வேண்டாம் என்று சொல்லியிருக்கிறாளாம்.

ஒரு துணியை எடுத்துத் துடைத்துத் தொலைக்கக் கூடாதா என்று டிங்கர் கேட்டுப் பார்த்தார். தான் குனிந்து துடைப்பதைப் பார்த்தாலும் ஏற மாட்டாள் என்றார் லாரிக்காரர். வீட்டு வாசல் வரைக்கும் களிமண் ரோடு, வழியில் துடைத்தும் பிரயோசனம் இல்லை.

"நல்லா வாச்சுதுப்பா உனக்கு" என்று சிரித்தார் பக்கத்தில் இருந்த பெயின்டர். லாரிக்காரரும் சேர்ந்து சிரித்தார். அவர் எப்போதும் அப்படித்தான், மனைவியைப் பற்றி என்ன கிண்டல் செய்தாலும் சிரிப்பார்.

டிங்கர் செய்தித்தாளில் இருந்த புள்ளிகளைக் குனிந்து பார்த்தார். எல்லாம் வெளிப்பக்கத்திலிருந்து சாய்ந்து விழுந்திருந்தன. ஓடிப்போய் சக்கரத்தில் விரலை வைத்து அளந்தார். டயர் மட்கார்டைவிட இரண்டு விரற்கடை வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

நீளத்தில் இல்லை கோளாறு, அகலத்தில். இத்தனை நேரம் இது தெரியாமல் போனதே என்று தலையில் அடித்துக்கொண்டார்.

கெட்டி ரப்பரை நான்கு விரல் அகலத்துக்கு வெட்டி, மட்கார்டின் விளிம்பு நெடுக போல்ட் போட்டு முடுக்கினார். செய்தித்தாளை உரித்து, படிகளைக் கழுவி, காயும்வரை வெயிலில் நிறுத்தினார். தன் வேலையைத் தன் கண்ணால் பார்க்காமல் விடுவதில்லை என்று லாரியில் தானும் கிளம்பினார்.

கிளீனர் பக்கப் படியில் கால் வைக்கப் போனவரை லாரிக்காரர் தடுத்து, தன் பக்கமாக ஏறச் சொன்னார். சரியான பெண்டாட்டிதாசன் என்று முனகிக்கொண்டே டிங்கர் சுற்றிப்போய் ஏறினார்.

இரண்டு மைல் களிமண். வீடு வந்ததும் லாரிக்காரர் முன்னும் பின்னும் எடுத்து, லாரியின் படி வாசலை உரசுகிற மாதிரி நிறுத்தினார். டிங்கர் குதித்து ஓடிப்போய்ப் பார்த்தார்.

கதவில் ஒன்றுமில்லை. கீழ்ப்படியில் மட்டும் மூன்று பொட்டு. சட்டைக் கையால் அவசரமாகத் துடைத்தார்.

வீட்டுக் கதவு திறந்தது.

வெள்ளைப் புடவை. தேய்த்த மடிப்பு கலையவில்லை. சக்கர நாற்காலியைத் தானே உருட்டிக்கொண்டு வந்தாள்.

வாசல் விளிம்பில் நாற்காலியைப் பக்கவாட்டில் ஒட்டி நிறுத்தி, உடம்பைத் திருப்பி லாரிக்கு முதுகைக் காட்டினாள். கைகளைப் பின்னால் ஊன்றிக் கீழ்ப்படியில் உட்கார்ந்தாள். கால்களை ஒவ்வொன்றாகக் கையால் தூக்கி வைத்துக்கொண்டாள். இன்னொரு ஊன்றல், மேல்படியில் உட்கார்ந்தாள்.

டிங்கருக்குக் கை தானாக முன்னே போயிற்று. லாரிக்காரர் கண்ணாலேயே வேண்டாம் என்றார். அவர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, டயரில் காற்று இருக்கிறதா என்று பார்ப்பவர்போல் நின்றுகொண்டிருந்தார்.

கடைசி ஊன்றலில் சீட்டுக்குப் போய்விட்டாள். மூச்சு வாங்கியது. புடவையின் பின்பக்கத்தை இழுத்துப் பார்த்தாள். வெள்ளை வெள்ளையாகவே இருந்தது.

முகமெல்லாம் சிரிப்பாகக் கீழே பார்த்தாள்.

"மகாராணின்னு பேர் வெச்சது நீங்கதானாண்ணே?"

டிங்கர் சேறு பட்ட சட்டைக் கையைப் பின்னால் மறைத்துக்கொண்டார். பூமி பிளந்து தன்னை விழுங்கிவிடாதா என்றிருந்தது.

"நல்ல பேருண்ணே. அதையே சொல்லிட்டிருங்க. வேற எதுவும் சொல்ல வேணாம்."

லாரிக்காரர் நாற்காலியை லாரியின் பின்னால் ஏற்றினார். பட்டறையில் இறக்கிவிட்டுப் போகிறேன் என்ற லாரிக்காரரிடம், நடந்தே போய்க்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டார் டிங்கர். லாரி புறப்பட்டு, அந்தப் பக்கக் கதவு தெருமுனை திரும்பும்வரை பார்த்துக்கொண்டு நின்றார். கண் கலங்கியது, துடைக்கப்போனால் சட்டைக் கையில் சேறு.

முழங்கால்வரை களிமண்ணோடு பட்டறைக்கு வந்து சேர்ந்தவரை பெயின்டர் விடவில்லை.

"என்ன, உங்க மகாராணி ஏறுனாங்களா?"

டிங்கர் காலைக் கழுவத் தண்ணீரை மொண்டார்.

"ஏறிட்டாங்க. யப்பா, அப்படி ஒரு சுத்தக்காரியை நான் பார்த்ததே இல்ல."