மயங்கி விழுந்தவர்

"ஓடாதீங்க, தள்ளாதீங்க, லிஃப்ட் பக்கமே போகாதீங்க! படியில இறங்குங்க!"

ஜெஸ்லின் போட்ட சத்தத்தில் தீ மணியே அடங்கிப் போனது போலிருந்தது. ராயபுரத்தில், கப்பல் சரக்குக்குச் சுங்க க்ளியரிங் பார்க்கும் அந்த ஆபீஸின் மூன்றாவது மாடியில் தீயும் இல்லை, புகையும் இல்லை. வெறும் ஒத்திகைதான்.

தீப் பாதுகாப்புப் பொறுப்பாளர் என்ற பட்டத்தை அவள் கேட்டு வாங்கவில்லை. தலையில் கட்டினார்கள். முதல் ஒத்திகையில் பாதிப் பேர் லிஃப்டில் இறங்கினார்கள். இரண்டாவதில் மீதிப் பேர் இறங்கவே இல்லை. "மூணாவது தடவையும் சொதப்பினா காட்டுப்பள்ளி யார்டுதான். வெயில்ல நின்னு கன்டெய்னர் எண்ணு" என்று மேனேஜர் அன்று காலையில்தான் சொல்லியிருந்தார். சிரிக்காமல் சொன்னார். அவர் எதையும் சிரித்துக்கொண்டு சொல்கிற ஆளில்லை.

போதாக்குறைக்கு, ஒத்திகையைச் சோதிக்க வந்த ஜஹானாரா மேடம் இந்த முறை புதிதாக ஒன்றைச் சேர்த்திருந்தார். ஆபீஸில் ஒருவரை மயங்கி விழச் சொல்லியிருக்கிறாராம். யார், எங்கே என்பது ரகசியம். ஐந்து நிமிடத்துக்குள் அந்த ஆளைக் கண்டுபிடித்து ஸ்ட்ரெச்சரில் கீழே கொண்டுவர வேண்டும். மேடம் ஸ்டாப்வாட்சோடு வாசலில் நின்றிருந்தார்.

மணி நின்றது. எல்லோரும் இறங்கிய பிறகு மாடியில் மிஞ்சியது ஜெஸ்லினும், ஸ்ட்ரெச்சரைத் தூக்கிக்கொண்டு ஆபீஸ் பையன்கள் பெனிட்டோவும் மொஹ்சினும்தான்.

"மேனேஜர் ரூமு காலியா கீது. எங்கக்கா போனாரு?" ஃபைல் ரூம் வாசலில் நின்று மொஹ்சின் கேட்டான்.

"அவரா?" என்றான் பெனிட்டோ. "மணி அடிக்கிறதுக்கு முன்னாடியே எறங்கிக்கினு, டீக்கடையாண்ட நின்னுகினு இருப்பாரு நைனா. ஆபீசே எரிஞ்சாலும் அவரு தொப்பை மேல ஒரு பொறி வுழாது."

ஜெஸ்லினுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "அதோட விடுவாரா? யாரைக் கேட்டு எரியறேன்னு நெருப்புக்கே மெமோ குடுப்பாரு" என்று சொல்லிக்கொண்டே கையிலிருந்த பட்டியலில் மேனேஜர் பெயருக்கு டிக் போட்டாள்.

"ஃபைல் ரூமைத் தொறந்து பாத்துடலாமாக்கா?" என்றான் மொஹ்சின்.

"அதுல எலிய தவிர யாரு கீறா? டைம் ஓடுது, வாக்கா" என்று பெனிட்டோ முன்னால் நடந்தான். இரண்டு நிமிடம் ஏற்கெனவே போயிருந்தது. ஜெஸ்லினும் நடந்தாள்.

"அக்கா, இங்க கீறாரு!" என்று முன்னால் போன பெனிட்டோ கத்தினான்.

கடைசி மேஜையில் ஆறுமுகநயினார். மீஞ்சூரில் ரயில் தண்டவாளத்தை ஒட்டிய குடோனில் பத்து வருடம் இருந்துவிட்டு நேற்றுதான் மாற்றலாகி வந்தவர். தலை மேஜைமேல் கிடந்தது. ஒரு கை தரையைப் பார்த்துத் தொங்கியது. தொண்ணூறு கிலோவுக்குக் குறையாத உடம்பு.

"புது ஆளா பாத்து வுழ சொல்லிக்கீது மேடம். கில்லாடிக்கா அது!"

ஜெஸ்லின் பயிற்சியில் சொல்லிக் கொடுத்தபடி அவர் தோளைத் தட்டினாள். "சார், சார், நான் பேசுறது கேக்குதா?"

திறந்த வாயிலிருந்து 'கர்ர்' என்று ஒரு சத்தம் மட்டும் வந்தது.

"பொகையில மூச்சு அடைக்குதாம். இன்னா ஆக்டிங்கு மாமு!" என்று மொஹ்சின் மலைத்துப் போனான்.

நடிப்பு நன்றாக இருந்தது. எடைதான் தாங்கவில்லை. இரண்டாம் மாடித் திருப்பத்தில் பெனிட்டோவுக்கு மூச்சு வாங்கியது. "கொஞ்சம் எட்டு வெச்சு எறங்கினா இன்னாவாம் இவரு?"

"மயக்கம் போட்டவர் எப்படிடா நடப்பாரு? தூக்கு!"

அப்போது ஸ்ட்ரெச்சரிலிருந்து ஈனசுரத்தில் ஒரு குரல் வந்தது. "ஆவுடை... இன்னும் கொஞ்சம் மோர் ஊத்து..."

"பாருக்கா, பொண்டாட்டிய கூப்ட்டு பொலம்புறாரு. உசுர குடுத்து நடிக்கிறாரு மன்சன்!"

வாசலில் ஸ்ட்ரெச்சரை இறக்கியபோது ஜஹானாரா மேடம் ஸ்டாப்வாட்சை அழுத்தினார். நாலு நிமிடம் நாற்பது வினாடி. ஆபீஸே கைதட்டியது. யாரோ விசிலடித்தார்கள். ஜெஸ்லினுக்குக் கண் கலங்கிவிட்டது. இனி காட்டுப்பள்ளியும் இல்லை, கன்டெய்னரும் இல்லை.

"இருபது பேரும் பத்திரமா இறங்கிட்டோம் மேடம்!" என்று பட்டியலை நீட்டினாள்.

மேடம் பட்டியலை வாங்கவில்லை. ஸ்ட்ரெச்சரையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

"இவர் யாரும்மா?"

"நீங்க மயங்கி விழச் சொன்னவர் மேடம்."

அந்தப் பேச்சுச் சத்தத்தில் ஆறுமுகநயினார் மெல்லக் கண்ணைத் திறந்தார். எழுந்து உட்கார்ந்து வாயைத் துடைத்துக்கொண்டார். சுற்றி நின்ற கூட்டத்தைப் பார்த்து, "என்னம்மா, ஆபீஸ் விட்டாச்சா?" என்றார்.

ஜெஸ்லினின் கைப்பேசி அடித்தது. மேனேஜர்.

"ஜெஸ்லின், நான் இன்னும் ஃபைல் ரூம்லதான் மயங்கிக் கிடக்கேன்" என்றது சிரிப்பில்லாத அந்தக் குரல். "யாரையாவது தூக்க அனுப்பு. நீ வரும்போது, நெருப்புக்கு நான் குடுக்க வேண்டிய அந்த மெமோவை உன் பேருக்கு டைப் பண்ணி எடுத்துட்டு வா."