வயிற்றில் கை வைக்காதீர்கள்

கால்பந்து மைதான வாசலில் பறிமுதல் செய்த கொடிகள் குப்பையாய்க் குவிந்து கிடந்தன. பெரிய கொடி உள்ளே போனால் ஆபத்து என்று புதுச் சட்டமாம். “துணி யாரைக் கடிக்கப் போகுது?” என்று திட்டிக்கொண்டே எல்லோரும் உள்ளே போனார்கள்.

ஒருவன் மட்டும் திட்டாமல், மேடிட்ட வயிற்றோடு நின்ற மனைவியைக் கைத்தாங்கலாக வரிசையில் நகர்த்தினான். அவளுக்கு வியர்த்துக் கொட்டியது.

“பயப்படாத. மெதுவா மூச்சு விடு.”

சோதனை போடும் அம்மாள் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். “இந்த நிலைமையில ஆட்டம் கேக்குதாம்மா?”

“இறுதி ஆட்டம்க்கா. வந்தே தீருவேன்னு அடம் பிடிச்சா” என்றான் அவன்.

“சரி, கையத் தூக்கும்மா. தொட்டுப் பாத்துதான் அனுப்பணும்.”

அவன் பதறிப்போய்க் குறுக்கே வந்தான். “வயித்துல மட்டும் கை வச்சிராதீங்கக்கா. கொடி சுத்தியிருக்குன்னு டாக்டர் சொல்லியிருக்காரு.”

அம்மாள் சிரிக்கவில்லை.

“தெரியும் தம்பி. காலையிலேருந்து இந்த வாசல்ல நாலு பிரசவம் பாத்துட்டேன். எல்லாருக்கும் கொடிதான் சுத்தியிருந்துச்சு” என்றவள், அவன் மனைவியின் தோளில் கை போட்டாள். “மறைவுக்கு வாம்மா, அவுத்துடலாம். எத்தனை மீட்டர்?”