நீருக்கடியில் ஒரு வழி

எந்தப் பாலம் உடைந்தாலும் மலையூர்களுக்கு மாவு போய்ச் சேர வழி சொல்லும் கணினி மாதிரியைக் மாவுக் கிடங்கில் கணக்கு எழுதும் ‘கணக்கக்கா’தான் உருவாக்கியிருந்தாள். “வேலைக்காகாத பொம்மை” என்று மேலாளர் நக்கலடித்தார்.

புயலில் பாலங்களெல்லாம் போன அன்று, அது காட்டிய ஒரே வழியில் லாரிகள் கிளம்பின. அப்புறம்தான் அவள் அந்த வழியை ஊர் ஊராகப் பார்த்தாள். வழியிலிருந்தது, அணை கட்டியபோது மூழ்கிப்போன ஊர். அதை மாதிரியிலிருந்து நீக்க மறந்திருந்தாள். ஓட்டுநர்களின் போன் எதுவும் கிடைக்கவில்லை.

மாலையில் ஓட்டுநர் ஒருவரே கூப்பிட்டார்.

“எல்லா ஊர்லயும் இறக்கியாச்சு, கணக்கக்கா! ரோடு சும்மா வழுக்கிட்டுப் போச்சு. நடுவுல ஒரு ஊர்க்காரங்க, ‘எங்களுக்கு மட்டும் கிடையாதா?’ன்னு கேட்டாங்க.”

கிடங்கே ஆர்ப்பரித்தது. மேலாளர் எழுந்து நின்று கைதட்டினார்.

அக்கா அந்த ஊரை நீக்கவில்லை. மறுநாள் சுமையில் அதற்கும் பங்கு வைத்தாள். அங்கிருந்து காலிச் சாக்குகள் அழகாக மடிக்கப்பட்டுத் திரும்பி வந்தன. ஒன்றுகூட நனைந்திருக்கவில்லை.