லண்டன் நாடகத்துக்கு ஒரு முடிவு

"அந்தப் பொண்ணோட அப்பங்காரன் கதவத் தொறக்கவே கூடாது. தொறந்தா நாடகம் குட்டிச்சுவரு!"

சவரிமுத்து வாத்தியார் தீர்ப்புச் சொல்லிவிட்டு மகளின் கடிதத்தை மடித்தார்.

மகள் ராயம்மாள் லண்டனில் நர்சு. போய் மூன்று வருஷம் ஆகிறது. குடியிருக்கும் வீட்டுக்கார அம்மாவிடம் டெலிவிஷன் பெட்டி இருக்கிறதாம். அதில் வரும் நாடகங்களையும் பழைய சினிமாக்களையும் பார்த்துவிட்டு, கதையை வரி விடாமல் எழுதுவாள். எழுபத்திரண்டாம் வருஷத்தில் கடத்தூர்ப் பக்கம் டெலிவிஷனைக் கண்ணால் கண்டவர் ஒருவரும் கிடையாது. ஆனால் வாத்தியார் வீட்டில் உட்கார்ந்தே எல்லோரும் லண்டன் நாடகம் பார்த்தார்கள். தபால்காரர் குப்புராஜ்கூடக் கதை முடிகிற வரை சைக்கிளை எடுக்க மாட்டார்.

வாத்தியார் சும்மா கேட்டுவிட்டுப் போகிற ஆள் இல்லை. மாதா கோயில் திருவிழாவுக்கு இருபது வருஷம் நாடகம் போட்டவர். ஒவ்வொன்றுக்கும் விமர்சனம் எழுதி, நூற்றுக்கு இத்தனை என்று மார்க்கும் போட்டு மகளுக்கு அனுப்புவார். போன வருஷம் ஒரு கொலை நாடகத்துக்கு முப்பத்திரண்டு போட்டு ஃபெயிலாக்கிவிட்டார். கொலைகாரன் யாரென்று பாதியிலேயே தமக்குத் தெரிந்துவிட்டதாம்.

இந்தத் தடவை வந்த கதை நான்கு கடிதமாக ஓடுகிறது. கிராமத்துப் பெண் ஒருத்தி பட்டணத்துக்கு வேலைக்குப் போகிறாள். கட்டிக்கொள்கிறேன் என்றவனை நம்புகிறாள். அவனுக்கு ஏற்கெனவே பெண்டாட்டி இருப்பது பிறகுதான் தெரிகிறது. அதற்குள் கையில் குழந்தை. ஊரில் அவள் அப்பா மரியாதையான மனுஷர்.

'குழந்தையோடு ஸ்டேஷனில் நிற்கிறாள். ரயில் ஏறுவதா வேண்டாமா என்று அவளுக்குத் தெரியவில்லை. இந்த வாரம் இதோடு நிறுத்திவிட்டார்கள். நீங்களாக இருந்தால் எப்படி முடிப்பீர்கள் அப்பா? சீக்கிரம் எழுதுங்கள்' என்று கேட்டிருந்தாள் ராயம்மாள்.

"பாவங்க வாத்தியாரே, சேத்துக்கிட்டாத்தான் என்ன?" என்றார் குப்புராஜ்.

"சேத்துக்கிட்டா நாளைக்கு எவ பயப்படுவா? நாடகம்னா பாக்கறவங்களுக்குப் புத்தி வரணுமில்ல?"

அடுப்படியிலிருந்து வாத்தியாரின் மனைவி மதலேனம்மாள் எட்டிப் பார்த்தாள்.

"பச்சப் புள்ளையத் தூக்கிக்கிட்டு வரவள வெளிய நிறுத்தறது என்னாங்க நாடகம்? உள்ளாற கூப்புட்டு ஒரு வாய் களி போடச் சொல்லி எழுதுங்க."

"லண்டன்ல களியா? நாடகத்தப் பத்தி உனக்கு என்ன தெரியும், போ புள்ள!"

எல்லோரும் சிரித்தார்கள். மதலேனம்மாள் சிரிக்கவில்லை. படிக்கத் தெரியாவிட்டாலும் மகளின் கடிதத்தை வாங்கித் தடவிப் பார்ப்பது அவள் வழக்கம்.

"எழுத்தெல்லாம் ஏங்க இப்பிடிக் கோணலாக் கெடக்குது?"

"டூட்டிக்குப் போற அவசரத்துல எழுதியிருப்பா."

அன்றைக்கே பதில் எழுதினார் வாத்தியார். 'கதைக்கு எண்பது மார்க். தகப்பன் கதவைத் திறந்தால் நாற்பதுதான். மானமுள்ள தகப்பன், எனக்கு மகளே பிறக்கவில்லை என்று சொல்லிவிட வேண்டும். அதுதான் சரியான முடிவு.' எழுதியதை ஒரு தடவை வாய்விட்டுப் படித்தார். பெருமை தாங்கவில்லை. வழக்கம்போல மகள் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரி விலாசத்துக்கு அனுப்பினார்.

மறு கடிதம் வர ஒரு மாதத்துக்கு மேல் ஆயிற்று. இரண்டே வரி.

'நாடகம் நீங்கள் சொன்னபடியே முடிந்தது அப்பா. அவள் ரயில் ஏறவில்லை.'

"பாத்தீங்களாய்யா! லண்டன்காரன் மூளையும் என் மூளையும் ஒண்ணு!"

வாத்தியாருக்குக் கால் தரையில் பாவவில்லை. கடத்தூர்ச் சந்தை வரை போய்ச் சொல்லிவிட்டு வந்தார்.

அதற்குப் பிறகு நாடகம் எதுவும் வரவில்லை. 'நலம், வேலை அதிகம்' என்று எப்போதாவது ஒரு கடிதம். மதலேனம்மாளுக்குச் சோறு இறங்கவில்லை.

கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம், ராயம்மாளோடு வேலை பார்க்கும் மிக்கேலம்மாள் லீவில் வந்தாள். பென்னாகரத்துப் பெண். ராயம்மாள் கொடுத்தனுப்பிய கம்பளிச் சட்டைகளைக் கொடுத்துவிட்டுத் தலையைக் குனிந்தபடி உட்கார்ந்திருந்தாள். வாத்தியார் முகத்தைப் பார்க்கவே மாட்டேன் என்கிறாள்.

வாத்தியார் வாய் சும்மா இருக்குமா?

"ஏம்மா, அந்த ஸ்டேஷன் நாடகத்த நீயும் பாத்தியா? நான் சொன்ன முடிவையே வெச்சானாமே?"

"எந்த நாடகங்கய்யா?"

"ராயம்மா இருக்கற வூட்டு டெலிவிஷன்ல வந்துதே. ஒரு பொண்ணு கைக்கொழந்தையோட ரயிலுக்கு நிக்கறா..."

மிக்கேலம்மாள் நிமிர்ந்தாள். முகம் வெளுத்துப் போயிருந்தது.

"அவ அந்த வூட்ட விட்டு வந்து ஒரு வருசமாச்சுங்களே ஐயா. வயித்துல இருக்கறது தெரிஞ்ச அன்னிக்கே அந்தம்மா இவ பொட்டியத் தூக்கி வெளிய வெச்சிட்டாங்க. அப்பறம் எங்கூடத்தான் இருக்கறா. எங்க ரூம்ல ஏதுங்க டெலிவிஷன்? எல்லாத்தயும் அப்பாவுக்கு எழுதிட்டேன், அப்பா வரக் கூடாதுன்னுட்டாருன்னுதானுங்க எங்கிட்ட சொன்னா..."

தம் கையால் எழுதிய வரிகள் ஒவ்வொன்றாக வாத்தியாருக்கு ஞாபகம் வந்தன.

மதலேனம்மாள் மிக்கேலம்மாளின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"கொழந்த... பொண்ணா, பையனா?"

"பையனுங்கம்மா." மிக்கேலம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "ஐயா பேரத்தான் வெச்சிருந்தா. சவரி, சவரின்னுதான் கூப்புட்டுக்கிட்டு இருந்தா... ஐயா கடுதாசி வந்து, தத்துக் குடுக்கற வரைக்கும்."