படத்து மாடு

பினாங்கில் டிராம் ஓட்ட ஆள் எடுக்கிறார்கள் என்றதும், மாட்டுவண்டிக்காரன் சடையனுக்காகப் பரிந்து பேசியவர் டிராம் ஆபீஸ் குமாஸ்தா சாகுல் கிராணிதான். அதனால் பரீட்சையன்று அவனைவிட அவருக்கே உதறல் அதிகம்.

“இந்தத் தெருப் படத்தை அரை நிமிஷம் நல்லாப் பாருடா. டாக்டர் துரை படம் ஒட்டின பலகைக்குப் பின்னால நின்னு, உன் கண்ணு எங்கெங்க போகுதுன்னு எழுதுவாரு. அப்புறம் படத்துல என்னென்ன இருந்துச்சுன்னு நீ சொல்லணும்.”

சிரித்த முகமாகப் பலகைக்குப் பின்னால் போன துரை, அரை நிமிஷத்தில் சிடுசிடுவென்று வெளியே வந்தார்.

“இவனும் மாட்டை மட்டுமே பார்த்தான்! காலையிலிருந்து ஆறு வண்டிக்காரர்கள். ஒருவன்கூட மாட்டை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. இவர்களிடம் டிராமைக் கொடுத்தால் ஊர் தாங்குமா?” என்று ஆங்கிலத்தில் பொரிந்து தள்ளினார்.

கிராணிக்கு மானம் போயிற்று. “ஏன்டா, ரிக்‌ஷா இருக்கு, கடை இருக்கு, குறுக்கே ஓடுற பிள்ளை இருக்கு. உனக்கு மாடுதான் கிடைச்சுதா?”

சடையன் தலையைச் சொறிந்தான். “சொன்னா பைத்தியம்னு வேலை தர மாட்டாங்களேய்யா.”

“சொல்லித் தொலை!”

“இருபது வருஷமா மாடு ஓட்டுறேன். நீலக் கண்ணு மாட்டை இன்னிக்குத்தான் பார்க்கிறேன். அதுவும் படத்துல இருக்கிற மாடு, என்னையே பார்த்துக் கண்ணைச் சிமிட்டுதுங்க!”

கிராணி படத்தருகே போய்க் குனிந்து பார்த்தார். மாட்டின் கண் இருக்க வேண்டிய இடத்தில் ஓர் ஓட்டை இருந்தது.

“என்னவாம்?” என்று கேட்ட துரை, தம் நீலக் கண்களைச் சிமிட்டினார்.