கலக்காத பெட்ரோல்

"என்னைய வெட்டிப் போட்ருங்க மாமா! ஆயில் கலக்க மறந்துட்டேன்!" தேயிலைச் செடிகளுக்கு நடுவே மாமனார் ராக்கப்பனின் காலைக் கட்டிக்கொண்டு அழுதான் சோலை.

முதுகில் மாட்டி மருந்தடிக்கிற மிஷின் பக்கத்தில் புகைந்து கிடந்தது. மெட்ராஸிலிருந்து வந்து ஒரு மாசம்கூட ஆகாத புது மிஷின். ராக்கப்பன் டேங்கில் விரலை விட்டுத் தேய்த்துப் பார்த்தார். வழவழப்பே இல்லை, வெறும் பெட்ரோல். ஆயில் கலக்காமல் ஊத்தினால் அந்தச் சின்ன இன்ஜினில் பிஸ்டன் இறுகிப் போகும். அப்புறம் அது வெறும் இரும்பு.

தினமும் அவர்தான் தன் கையால் கலக்குவார். இன்றைக்கென்று மகள் சின்னத்தாயி, "கட்டஞ்சாயா போடுறேன், இருந்து குடிச்சிட்டுப் போப்பா. பெட்ரோல அவுக ஊத்திக்கிருவாக" என்று கையைப் பிடித்து உட்கார வைத்தாள். பெண்டாட்டி போன பிறகு அவரை யார் இப்படி உபசரித்தார்கள்? மனுஷன் நெகிழ்ந்துபோய் இன்னொரு டம்ளரும் கேட்டு வாங்கிக் குடித்தார்.

"துரை என்னைய விரட்டிருவாரு மாமா. வயித்துப் பிள்ளைக்காரிய வச்சிக்கிட்டு நான் எங்க போவேன்?"

சோலை வெறும் தினக்கூலி. நிரந்தர வேலையும், தோட்டம் கொடுத்த லயத்து ஒற்றை அறை வீடும் ராக்கப்பன் பேரில்தான். அவராக வேலையை விட்டு நின்றால் ரெண்டும் மருமகனுக்குப் போகும், அது தோட்டத்து வழக்கம். ஆனால் மிஷினைக் கெடுத்தவன் என்று பேர் வாங்கினவனை மேனேஜர் துரை உள்ளேயே விடமாட்டார்.

"கூறுகெட்ட பயலே, எந்திரி! நீ மிஷினத் தொடவே இல்ல. நாந்தான் ஊத்துனேன், கேட்டியா?"

ஆபீஸ் வாசலில் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றார். "கண்ணு மங்கிப் போச்சுங்கய்யா. கலந்த டின்னுன்னு நெனச்சு வெறும் பெட்ரோல ஊத்திப்புட்டேன்."

பச்சைப் பொய்! எதிர்மலையில் மேயும் ஆட்டைக்கூட எண்ணிச் சொல்கிற கண் அது.

துரை கத்தித் தீர்த்தார். பிறகு கொஞ்சம் இறங்கி வந்தார். "இத்தனை வருஷம் ஒழைச்சிருக்கே, அதனால டிஸ்மிஸ் பண்ணல. நீயா நின்னுக்க. மருமகன் பேருக்கு மாத்திடறேன்."

"போதுங்கய்யா" என்று கும்பிட்டார் ராக்கப்பன்.

சாயங்காலத் தூறலில் நனைந்துகொண்டே லயத்துக்கு வந்தார். வேலை போனால் போகட்டும், பிறக்கப்போகிற பேரனைத் தூக்கி வைத்துக்கொண்டு காலத்தை ஓட்டிவிடலாம் என்று மனசு லேசாகத்தான் இருந்தது.

கதவைத் தள்ளினார். தொட்டாலே லயம் முழுக்கக் கேட்கிற மாதிரிக் கீச்சிடும் கதவு இன்றைக்குச் சத்தமே போடவில்லை. ஐயையோ, கண் போச்சு என்று பொய் சொன்னதுக்குக் காதே போய்விட்டதா?

கீலில் விரல் பட்டது. வழவழவென்று மிஷின் ஆயில்.

காதும் நன்றாகத்தான் இருந்தது. தட்டிக்கு அந்தப் பக்கம் மருமகன் பேசியது ஒரு சொல் விடாமல் கேட்டது. "பாவம்டி மாமா. நாளைக்கே சொந்த ஊரு போடிக்கு பஸ் ஏத்தி விடணுமா?"

"பின்ன? பிள்ள பொறந்தா இந்த ஒத்த ரூம்புல யாரு எங்க படுக்கிறது?" சின்னத்தாயி சிரித்தாள். "ஆயில் ஊத்தாதீகன்னு நான் சொன்னப்ப அந்த நடுங்கு நடுங்குனீகளே மச்சான், எங்கப்பன் மனசு எனக்குத் தெரியாதா?"