பூ வைத்த கேமரா

"கேமராவுக்கு யாரு வே பூ வச்சது?"

ஆவுடையப்பன் கேட்டதும் ஊர்ப் போட்டோக்காரன் மருதப்பன் அடுக்களைப் பக்கம் திரும்பிப் பார்த்தான். சாமிப் படங்களுக்கு நடுவில், மேல் லென்சுக்கு நேர் மேலே குங்குமப் பொட்டோடு உட்கார்ந்திருந்தது அந்த இரட்டைக் கண் ஜெர்மன் கேமரா. முன்னால் விளக்கு எரிந்தது.

ஆவுடையப்பன் திருநெல்வேலிக்காரர். பழைய கேமரா எங்கே இருக்கிறது என்று கேட்டுக் கேட்டு ரயிலேறுவது அவருடைய பைத்தியம். வீட்டுக் கண்ணாடி அலமாரியில் பதினொன்று வைத்திருந்தார். பன்னிரண்டாவது தருகிறேன் என்று மருதப்பன் கடிதம் போட்டதும் சங்கரன்கோவிலுக்கு வந்து இறங்கிவிட்டார்.

"நான்தான் வச்சேன், அண்ணாச்சி," என்றாள் அடுக்களை வாசலில் நின்ற அவன் மனைவி சுந்தரம்மாள். "உள்ள என் மக கோமு இருக்கா."

நாலு வருசத்துக்கு முன்னால், கோயிலில் ஆடித்தபசுத் திருவிழா அன்று காலையில், புதுப் பாவாடை கட்டிய கோமுவை மருதப்பன் வாசலில் நிறுத்திப் படம் பிடித்தான். மத்தியானம் வாந்திபேதி. மறுநாள் விடியுமுன்னே எல்லாம் முடிந்துவிட்டது. ஊர்ப் பிள்ளைகளையெல்லாம் படமெடுத்தவன், தன் பிள்ளைக்கு நாளை, நாளை என்று ஆறு வருசம் தள்ளிப்போட்டிருந்தான்.

"பெறகு ஏன் வே இன்னும் பிலிமைக் கழுவலை?"

"ரோலு பழசு அண்ணாச்சி. மருந்துல போட்டா படம் அழிஞ்சிருமோன்னு பயம்."

சுந்தரம்மாளிடம் நாலு வருசமாகச் சொல்லிச் சொல்லி வழவழப்பாகிவிட்ட பதில்.

அவள் அதற்கு மறுபேச்சுப் பேசியதே இல்லை. எது பொங்கினாலும் முதல் கரண்டியைக் கேமரா முன்னால் வைத்துவிட்டு, "நீ சாப்பிடு கோமு, அப்பா பொறகு சாப்பிடட்டும்," என்பாள். பிறகுதான் அவனுக்கு இலை போடுவாள். அந்த இரண்டு கண்ணாடிக் கண்களுக்கு எதிரே உட்கார்ந்து சாப்பிடுவது அவனுக்குக் கல்லை விழுங்குவது மாதிரி. அது இந்த வீட்டை விட்டுப் போனால் போதும். சும்மாவே கொடுக்கக்கூட அவன் தயார்.

ஆவுடையப்பன் கேமராவை எடுத்து வேட்டி நுனியால் துடைத்தார். "லென்சுல ஒரு கீறல் இல்ல. ராசாத்தியால்ல இருக்கா!"

"தாராளமாக் கொண்டு போங்க," என்றாள் சுந்தரம்மாள். "ஆனா இங்கனயே பிலிமைக் கழுவி, ஒரே ஒரு படம் போட்டுக் குடுத்துட்டுப் போங்க. அவ முகம் எனக்கு மறந்துக்கிட்டே வருது."

"ஏட்டி, அழிஞ்சிரும்னு எத்தனை தடவ சொல்லுதேன்!"

"அழிஞ்சா அழியட்டும். இன்னைக்கு ரெண்டுல ஒண்ணு தெரிஞ்சிரும்லா?"

மருந்து கலக்கத் தண்ணீர் எடுக்கப் போனாள். பானையடி மணலில் ஒரு தகர டப்பா இருந்தது. பிலிம் ரோல்கள் சூட்டில் கெட்டுவிடாமல் இருக்க அதில்தான் போட்டு வைப்பாள். முன்பெல்லாம் மருதப்பன் கேட்கக் கேட்க ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுப்பாள். அந்த ஆடித்தபசுக்குப் பிறகு அவன் கேட்டதே இல்லை. டப்பாவைச் சற்றே நகர்த்திவிட்டுத் தண்ணீர் மொண்டாள்.

ஆண்கள் இருவரும் பின்கட்டு இருட்டறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார்கள். கேமராவின் முதுகு திறக்கும் சத்தம் கேட்டது. பிறகு ஆவுடையப்பனின் விரல்கள் உள்ளே தடவும் சத்தம்.

"வே... உள்ள பிலிமே இல்லையே!"

மருதப்பனுக்கு இருட்டில் சொல்வது சுலபமாக இருந்தது.

"உலகச் சண்டைக் காலம், அண்ணாச்சி. பிலிம் எங்க கெடச்சுது? வீட்டுல இருந்தது ஒத்த ரோலு. சாயங்காலம் தபசு பார்க்க ராயகிரியிலேருந்து பெரிய வீட்டுக்காரங்க வாரதா இருந்தாங்க. ஒரு ரோலுக்குப் பன்னெண்டு படந்தான், அவங்களும் சரியாப் பன்னெண்டு கேட்டிருந்தாங்க. ஒண்ணு கொறஞ்சா மானம் போயிரும். பிள்ளை அழுதா. வெறுங் கேமராவை அமுக்கினேன். சத்தம் கேட்டதும் சிரிச்சா."

சிரித்தாள் என்றுதான் நினைவு. அவன் குனிந்து கேமராவின் கண்ணாடியில்கூட அவளைப் பார்க்கவில்லை. எப்படியும் படம் விழப்போவதில்லையே என்று தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"சாயங்காலம் அவங்களை எடுக்கவும் நான் போகலை."

ஆவுடையப்பன் கேமராவின் முதுகை மூடும் சத்தம் கேட்டது.

"வெளிச்சம் பட்டுப் போச்சுன்னு நீங்க சொல்லிருங்க அண்ணாச்சி. நீங்க சொன்னா நம்புவா. கேமராவுக்கு ஒரு பைசா வேண்டாம்."

பன்னிரண்டாவது கேமராவை ஆவுடையப்பன் இருட்டிலேயே ஒரு தடவை தடவிப் பார்த்தார். "சரி வே," என்றார்.

வெளியே வந்து, தரையைப் பார்த்தபடி சொன்னார். "வெளிச்சம் பட்டுக் கருத்துப் போச்சு, தாயி. ஒண்ணுமே இல்ல."

அவள் அழுவாள் என்று மருதப்பன் காத்திருந்தான். அழுதால் பக்கத்தில் போய்த் தோளைத் தொடலாம். எல்லாம் இன்றோடு தீர்ந்துவிடும்.

அவள் அழவில்லை. ஆவுடையப்பன் கையிலிருந்து கேமராவை வாங்கினாள். பழைய இடத்திலேயே வைத்தாள். உதிர்ந்த பூவைத் திரும்பச் சூட்டி, விளக்குத் திரியைத் தூண்டிவிட்டாள்.

"ஏட்டி, அதான் ஒண்ணுமில்லேன்னு ஆச்சே! அவரு கொண்டு போகட்டும்."

சுந்தரம்மாள் பானையடிக்குப் போய்த் தகர டப்பாவைத் திறந்தாள். உறைகூடப் பிரிக்காத ஒரு பிலிம் ரோலைக் கொண்டுவந்து, அவன் உள்ளங்கையில் வைத்து, விரல்களை மூடினாள்.

"அன்னைக்கு வீட்டுல இருந்த ஒத்த ரோலு," என்றாள். "கேமராவை நீங்க பார்க்கணும்னுதான் தெனமும் விளக்கு ஏத்துதேன்."